அம்மாவின் மறதியோடு வாழும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கும் மகன்களே, மகள்களே, மருமக்களே,

உங்களில் பலருடைய வீட்டில் கொஞ்ச நாளாக ஒரே பேச்சுத்தான் ஓடிக்கொண்டிருக்கும். அப்பா பென்ஷன் பணத்தை எங்கோ வைத்துவிட்டு, வேலைக்கு வரும் பெண்மீது பழி போடுகிறார். அம்மா ரசத்துக்குப் புளி கரைக்க மறக்கிறார். மறுநாள் கரைத்ததை மறந்து இன்னொரு முறை கரைக்கிறார். தெருமுனைக் கோயிலுக்குப் போனவர் திரும்பும் வழி தெரியாமல் நிற்க, கடைக்காரர் கூட்டிவந்து விடுகிறார். "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று யாராவது சொல்ல, எல்லோரும் ஆறுதலடைகிறார்கள். அந்த ஆறுதலிலேயே ஓரிரு வருடம் கழிந்துவிடுகிறது.

இந்த மடல் கழிந்துபோகும் அந்த வருடங்களைப் பற்றியது. அதற்கும் முந்தைய இருபது வருடங்களைப் பற்றியதும்கூட. அந்த இருபது வருடம் என்பது இப்போது நீங்கள் இருக்கும் வயது.

மறதி யாருக்குத்தான் இல்லை? கண்ணாடியைத் தேடுவதும், எதிரே நிற்பவரின் பெயர் நாக்கு நுனியில் சிக்கிக்கொள்வதும் வயதோடு வருபவை. கொஞ்சம் பொறுத்தால் நினைவு வந்துவிடும். பேரன் கல்யாணத்துக்கு எந்தப் புடவை கட்டினோம் என்பது மறந்தால் அது வயது. பேரனுக்குக் கல்யாணம் நடந்ததே மறந்துபோனால், அதை வயதின் கணக்கில் எழுத முடியாது. பணம் எடுக்கும் சீட்டை நிரப்பத் தெரிந்தவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பதும், கைப்பழக்கமாய்ச் செய்த சமையலின் வரிசை குழம்புவதும், ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் ஐந்து முறை கேட்பதும், இதுவரை இல்லாத சந்தேகமும் கோபமும் புதிதாய்த் தலைகாட்டுவதும் அப்படித்தான். மருத்துவர் இவற்றைக் கேட்டாக வேண்டும்.

டிமென்ஷியா என்பது ஒரே நோயின் பெயர் அன்று. மூளையைப் பாதிக்கும் பல நோய்கள் கொண்டுவிடும் நிலை அது. நினைவு, யோசனை, பேச்சு, நடத்தை எல்லாம் சிதைந்து, அன்றாடக் காரியங்களைத் தானாகச் செய்துகொள்ள முடியாத கட்டம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகம் முழுக்க 5 கோடியே 70 லட்சம் பேர் இந்த நிலையில் இருந்தார்கள். ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் புதிதாகச் சேர்கிறார்கள். அவர்களில் 60 முதல் 70 சதவீதம் பேருக்குப் பின்னால் இருப்பது அல்சைமர் நோய். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. 2036இல் அந்த எண்ணிக்கை ஒரு கோடியே 69 லட்சத்தைத் தொடும் என்பது அதே ஆய்வின் கணிப்பு. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் பாதிப்பு கூடுதல் என்றும் அது கண்டது. இது பணக்கார நாட்டு நோய், நகரத்து நோய் என்ற எண்ணத்துக்கு அந்த ஆய்வில் எந்த ஆதாரமும் இல்லை.

அல்சைமர் என்ற பெயர் வந்த கதையில் உங்கள் வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார். 1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மனநல மருத்துவமனையில் அகுஸ்தே டேட்டர் என்ற பெண்ணைக் கணவர் கொண்டுவந்து சேர்த்தார். அப்போது அகுஸ்தேக்கு வயது 51. கணவர்மீது காரணமில்லாத சந்தேகம், பொருள்களை ஒளித்துவைப்பது, சமையலில் தடுமாற்றம் என்று தொடங்கியிருந்தது. அலோயிஸ் அல்சைமர் என்ற மருத்துவர் அவர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டு, பதில்களை அப்படியே எழுதிவைத்தார். கணவர் பெயர் என்ன என்று கேட்டதற்கு அந்தப் பெண் தன் பெயரையே சொன்னார். தன்னையே தொலைத்துவிட்டதாக அவர் சொன்னதும் அந்தக் குறிப்பில் இருக்கிறது. 1906 ஏப்ரலில் அவர் இறந்தார். அவருடைய மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்த அல்சைமர், நரம்புச் செல்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகளையும் கண்டார். அதே ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் இதை விளக்கினார். கூட்டத்தில் ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. நான்கு ஆண்டு கழித்து, 1910இல், எமில் கிரேப்லின் தன் பாடநூலில் இந்த நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். அகுஸ்தேயின் மருத்துவக் கோப்பு பல பத்தாண்டுகள் காணாமல் கிடந்து, 1995இல்தான் பிராங்க்பர்ட்டில் மீண்டும் கிடைத்தது.

அல்சைமர் கண்ட வெளிப்படிவு அமிலாய்டு என்ற புரதம். உள்ளே இருந்த முறுக்கிழை டாவ் என்ற புரதம். இவை சேர்ந்து நரம்புச் செல்களின் தொடர்பை அறுக்கின்றன, பிறகு செல்களே சாகின்றன. இந்தப் படிவு, வெளியில் அறிகுறி தெரிவதற்குப் பதினைந்து இருபது வருடம் முன்பே மூளையில் சேரத் தொடங்கிவிடுகிறது என்பது கடந்த இருபதாண்டுகளில் ஸ்கேன் ஆய்வுகள் சொன்ன மிகப் பெரிய செய்தி. எழுபத்திரண்டு வயதில் பெயர் மறக்கத் தொடங்கும் அம்மாவுக்கு நோய் ஐம்பத்தைந்திலேயே ஆரம்பமாகியிருக்கலாம். நீங்கள் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்திருப்பீர்கள். அவர் தலைவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, பிரஷர் பார்த்துக்கொள்ள நேரமில்லாமல் உங்களுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்திருப்பார்.

முதலில் அம்மா அப்பாவின் விஷயம். உங்கள் விஷயம் பின்னால் வருகிறது.

மறதி என்றதும் அல்சைமர் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். டிமென்ஷியா போலவே தோன்றி, சிகிச்சையில் சரியாகக்கூடிய கோளாறுகள் பல உண்டு. தைராய்டு சுரப்புக் குறைந்தால் மனிதர் மந்தமாகிவிடுவார். வைட்டமின் பி12 குறைந்தாலும் ஞாபகம் தடுமாறும். சைவ உணவுக்காரர்களிடமும், மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளிடமும் இந்தக் குறை காணப்படுவது சாதாரணம். குளியலறையில் வழுக்கி விழுந்து, லேசான அடிதானே என்று விட்ட பெரியவருக்கு, சில வாரம் கழித்து மண்டையோட்டுக்குள் இரத்தம் தேங்கி மூளையை அழுத்தலாம். அறுவைச் சிகிச்சையில் அதை எடுத்துவிட முடியும். மூளைக்குள் நீர் கோத்துக்கொண்டால் நடை தடுமாறும், சிறுநீர் அடங்காது, கூடவே மறதி வரும். அதற்கும் சிகிச்சை இருக்கிறது. துணையை இழந்த பிறகு வரும் மனச்சோர்வு மறதியாகவே வெளிப்படலாம். தூக்க மாத்திரையும், சில அலர்ஜி மாத்திரைகளும், சிறுநீர் அடக்கத்துக்குத் தரும் சில மருந்துகளும் முதியவரின் மூளையைக் குழப்பக்கூடியவை. ஆகவே மருத்துவரிடம் போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நாட்டு மருந்து இருந்தால் அதையும்.

ஒரு எச்சரிக்கை. நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றினால், அதை டிமென்ஷியா என்று எண்ணி வீட்டில் வைத்திருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, இரத்தத்தில் சோடியம் குறைவு, சர்க்கரை சட்டென்று இறங்குவது, பக்கவாதம் ஆகியவை இப்படித்தான் வரும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டிமென்ஷியா மாதக்கணக்கில் ஊர்ந்து வரும் நோய்.

இவையெல்லாம் இல்லை என்று தெளிந்த பிறகு, எந்த வகை என்று பார்ப்பார்கள். அல்சைமருக்கு அடுத்து அதிகம் காணப்படுவது இரத்தக்குழாய் வகை. மூளைக்குள் சின்னச் சின்ன இரத்தக்குழாய்கள் அடைபட்டு, அங்கங்கே திசு செத்து உண்டாவது இது. படிப்படியாக இறங்கும், ஒரு மாதம் அப்படியே இருந்து, திடீரென ஒரு படி இறங்கும். பிரஷரும் சர்க்கரையும் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊரில் இந்த வகையைத்தான் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பலருக்கு இதுவும் அல்சைமரும் சேர்ந்தே இருக்கும். லூயி படிவு வகையில், இல்லாத மனிதர்களும் குழந்தைகளும் கண்ணுக்குத் தெரிவார்கள். கை நடுங்கும், தூக்கத்தில் கனவுக்கு ஏற்றபடி கை கால் வீசுவார்கள். பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரிக்க அழைத்துப் போவதும் நடக்கிறது. இந்த வகை நோயாளிகளுக்குச் சில மனநல மருந்துகள் பெரும் கேடு செய்யும் என்பதால், சரியாகக் கண்டறிவது உயிர் காக்கும் விஷயம். நெற்றிப்பொட்டு வகை இன்னும் கொடுமை. அது நினைவைத் தொடுவதற்கு முன் குணத்தைத் தொடுகிறது; மரியாதையாக இருந்தவர் கூட்டத்தில் அசிங்கமாகப் பேசுவார், சிக்கனமாக இருந்தவர் பணத்தை வாரி இறைப்பார். ஐம்பதுகளிலேயே வரக்கூடியது இது. ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸின் குடும்பம் 2023இல் இந்த வகையைத்தான் வெளிப்படையாக அறிவித்தது. நம் வீடுகளில் இதற்குக் "கெட்ட புத்தி" என்று பெயர் வைத்து, மனிதரை ஒதுக்கிவிடுகிறோம்.

நோயைச் சீக்கிரம் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறீர்களா? அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ரொனால்டு ரீகன் 1994 நவம்பர் 5ஆம் தேதி தன் நாட்டு மக்களுக்குத் தன் கைப்பட ஒரு மடல் எழுதினார். தனக்கு அல்சைமர் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டதை அதில் தெரிவித்தார். அப்போது அவருக்கு வயது 83. இன்னும் பத்தாண்டு இருந்து 2004இல் இறந்தார். அந்த மடலை அவரே எழுத முடிந்தது, ஆரம்பத்திலேயே கண்டுபிடித்ததால்தான். உயில் எழுதுவது, வங்கிக் கணக்கில் கூட்டுப் பெயர் சேர்ப்பது, யாருடன் இருக்க விருப்பம், கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதெல்லாம் அப்பாவே வாயைத் திறந்து சொல்லக்கூடிய காலம் ஒன்று உண்டு. அது போன பிறகு அண்ணன் தம்பிகள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டு நிற்பீர்கள்.

மருந்தைப் பற்றி உள்ளபடியே சொல்ல வேண்டும். டோனிபெசில், ரிவாஸ்டிக்மின், மெமான்டின் போன்றவை பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளன. அவை சிலருக்கு அறிகுறிகளைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும், நோயை நிறுத்தா. அமிலாய்டு படிவையே துடைத்தெடுக்கும் லெகானிமாப் என்ற மருந்துக்கு 2023இலும், டொனானிமாப் மருந்துக்கு 2024இலும் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. லெகானிமாப் பதினெட்டு மாதத்தில் நோயின் இறக்கத்தை 27 சதவீதம் மெதுவாக்கியது. ஆரம்ப கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே இது பயன்படும், மூளை வீக்கமும் இரத்தக் கசிவும் வரலாம், திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்க வேண்டும். விஞ்ஞானத்தில் இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் உங்கள் அம்மாவின் நினைவைத் திருப்பித் தரும் மருந்து எதுவும் இன்றில்லை. அப்படித் தருவதாகச் சொல்லி டிவியில் விற்கும் எதையும் வாங்காதீர்கள். ஜிங்கோ இலைச் சாறு ஞாபக சக்திக்கு நல்லதென்று உலகம் முழுக்க விற்றார்கள். அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் அதிகமான முதியவர்களிடம் சோதித்து, அது டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை என்று 2008இல் முடிவு வந்தது. நம் வல்லாரைக்கு அந்த அளவில் ஒரு சோதனைகூட நடந்ததில்லை. துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், சுவையான கீரை. அதை நம்பிப் பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இனி உங்கள் விஷயம்.

லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு, டிமென்ஷியாவின் தவிர்க்கக்கூடிய காரணங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. 2017இல் ஒன்பது காரணங்கள் சொன்னது, 2020இல் பன்னிரண்டு, 2024இல் பதினான்கு. இந்தப் பதினான்கையும் முழுமையாக நீக்க முடிந்தால், உலகின் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணக்கு. மீதி 55 சதவீதம் வயது, மரபணு, இன்னும் புரியாதவை. நல்லபடியாக வாழ்ந்தவருக்கும் டிமென்ஷியா வரும். வந்தவரைப் பார்த்து "உடம்பைக் கவனிக்காததால் வந்தது" என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனாலும் கிட்டத்தட்டப் பாதி என்பது சின்ன விஷயமா?

அந்தப் பதினான்கில் காதுக்கு முதலிடம். நடுவயதில் தொடங்கும் செவிக்குறைவுக்கும், கெட்ட கொலஸ்ட்ரால் என்று நாம் சொல்லும் எல்டிஎல்லுக்கும் தலா 7 சதவீதப் பங்கு. காது கேட்காவிட்டால் மூளைக்குப் போகும் ஒலியின் தூண்டுதல் குறைகிறது. அரைகுறையாகக் கேட்டதைப் புரிந்துகொள்ளவே மூளையின் சக்தி செலவாகிறது. மனிதர் கூட்டத்தைத் தவிர்த்து மூலையில் உட்கார்ந்துவிடுகிறார். அமெரிக்காவில் 977 முதியவர்களிடம் மூன்றாண்டு நடந்து 2023இல் முடிவு வெளியான சோதனையில், காது கருவி எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பலன் தரவில்லை. ஆனால் இதய நோய் போன்ற ஆபத்துகள் ஏற்கெனவே கூடுதலாக இருந்தவர்களிடம், சிந்தனைத் திறன் இறங்கும் வேகத்தைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தது. நம் ஊரில் கண்ணாடி போடக் கூச்சப்படாதவர்கள் காது மிஷினுக்குக் கூசுகிறார்கள். "செவிடுன்னு நெனைப்பாங்க" என்று ஐம்பத்தெட்டு வயது அலுவலர் மீட்டிங்கில் பாதியைத் தவறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டிவி சத்தத்தைக் கூட்டுகிறார், வீட்டில் சண்டை வருகிறது. ஒரு ஆடியோகிராம் எடுக்க அரை மணி நேரம் போதும்.

கண்ணும் அப்படியே. 2024 அறிக்கையில் புதிதாகச் சேர்ந்த இரண்டில் ஒன்று எல்டிஎல், மற்றொன்று கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவு. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் மூவாயிரம் முதியவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு, செய்துகொள்ளாதவர்களைவிட டிமென்ஷியா ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாக வந்தது. பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு என்பதால் அறுவைதான் காரணம் என்று அறுதியிட முடியாது. ஆனால் புரையை எடுத்துக்கொள்வதில் நட்டம் ஏதும் இல்லையே. 1976இல் மதுரையில் பதினோரு படுக்கையோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பணமில்லாதவர்களுக்கும் இந்த அறுவையைச் செய்து தரும் மாநிலம் இது. புரை முற்றட்டும் என்று காத்திருக்க இங்கே காரணம் இல்லை.

அடுத்தது பிரஷர். நாற்பது வயதிலிருந்தே மேல் அளவு 130ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது லான்செட் குழு. அமெரிக்காவில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஒரு சோதனையில், மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவந்தவர்களிடம், 140க்குக் கீழே மட்டும் வைத்திருந்தவர்களைவிட, டிமென்ஷியாவுக்கு முந்தைய நிலையான லேசான அறிவுத்திறன் குறைவு 19 சதவீதம் குறைந்தது. சோதனையை முன்கூட்டியே நிறுத்தியதால் டிமென்ஷியாவைப் பற்றி உறுதியான முடிவு கிடைக்கவில்லை. போக்கு நல்ல பக்கமாகவே இருந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதைப் பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் எதிரான திட்டமாக மட்டும் பார்க்கிறோம். இருபது வருடம் கழித்து வரும் மறதிக்கு எதிராகவும் அந்த மாத்திரைகள் வேலை செய்யக்கூடும். "ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்துச்சு, அதான் நிறுத்திட்டேன்" என்று சொல்பவர்கள் இதைக் கேட்க வேண்டும். நாட்டில் பத்து கோடிக்கும் மேல் சர்க்கரை நோயாளிகள் இருப்பதாக 2023இல் கணக்கிட்டிருக்கிறார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் மூளையின் இரத்தக்குழாய்களும் சேதமாகின்றன.

புகை, மிகுந்த குடி, உடல் பருமன், உடலசைவின்மை, காற்று மாசு எல்லாம் நீங்கள் ஏற்கெனவே அறிந்தவை. தலைக்காயமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஹெல்மெட் இன்றைய உயிரைக் காப்பதோடு நிற்பதில்லை.

படிப்புக்கு வருவோம். குழந்தைப் பருவத்தில் படிப்புக் குறைவாக இருப்பது 5 சதவீதப் பங்கு பெறும் காரணம். இதற்கு மிக அழகான சான்று கன்னியர் மடங்களிலிருந்து வந்தது. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஸ்னோடன் 1986இல் தொடங்கிய ஆய்வில் 678 கத்தோலிக்கக் கன்னியர்களின் நினைவாற்றலை ஆண்டுதோறும் சோதித்தார். இறந்த பின் மூளையை ஆராய அவர்கள் சம்மதம் தந்திருந்தார்கள். மடத்தில் சேர்ந்த இளவயதில் அவர்கள் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகள் பத்திரமாக இருந்தன. அந்த எழுத்தில் கருத்துச் செறிவு அதிகம் இருந்தவர்களுக்கு அறுபதாண்டு கழித்து அல்சைமர் குறைவாக இருந்தது. சிஸ்டர் மேரி என்பவர் 101 வயதில் இறக்கும்வரை தெளிவாக இருந்தார். அவர் மூளையைத் திறந்தபோது உள்ளே அல்சைமர் படிவுகள் ஏராளம். நோய் இருந்தது, ஆளை வீழ்த்தவில்லை. ஏரி நிறைந்திருக்கும் ஊர் ஒரு வருட வறட்சியைத் தாங்கிவிடுவதுபோல, படிப்பாலும் பழக்கத்தாலும் வளம் சேர்த்த மூளை நெடுநாள் தாங்குகிறது.

ஐதராபாத்தில் மருத்துவர் சுவர்ணா அல்லாடியின் குழு 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு நமக்கு நெருக்கமானது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் நான்கரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அதே பலன். பள்ளிக்கூடம் கொடுக்காததைச் சந்தையும் தெருவும் கொடுத்திருக்கின்றன. ஓசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசி வியாபாரம் செய்யும் பாட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்போடு நிறுத்திவைக்கப்பட்ட நம் அம்மாக்களின் தலைமுறைக்கு, பள்ளிப் படிப்பின் அந்தப் பாதுகாப்பு மறுக்கப்பட்டது. பெண்களிடம் நோய் கூடுதலாக இருப்பதற்கு அவர்கள் அதிக காலம் வாழ்வது மட்டும் காரணமாக இருக்க முடியாது. மகளை மேலே படிக்க வைப்பதும் ஒரு மருத்துவம்தான்.

ஒரே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு தப்பிக்க முடியாது என்பதைப் பின்லாந்து காட்டியது. மியா கிவிபெல்டோ தலைமையில் 60 முதல் 77 வயதுவரையுள்ள, ஆபத்து அதிகமிருந்த 1,260 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். மற்ற குழுவுக்கு உணவு மாற்றம், உடற்பயிற்சி, மூளைக்கான பயிற்சி, பிரஷரும் சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் கண்காணிப்பு என எல்லாம் சேர்த்து இரண்டு வருடம். 2015இல் வெளியான முடிவில், சிந்தனைத் திறனில் இரண்டாவது குழு முதல் குழுவைவிட 25 சதவீதம் கூடுதலாக முன்னேறியிருந்தது. அறுபதுக்கு மேலும் காலம் கடந்துவிடவில்லை என்பது அதன் பொருள். சுடோகு மட்டும் போட்டுக்கொண்டு, சோபாவிலிருந்து எழாமல் இருப்பவர்களுக்கு அதில் பங்கு இல்லை. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து யாரிடமும் பேசாமல் போனைத் தடவிக்கொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்வது. தனிமையின் பங்கு 5 சதவீதம். பஜனை மடமோ, வாசகசாலையோ, காலை நடைக் கூட்டமோ, எதிலாவது சேர்ந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, வீட்டில் இந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவர்களுக்கு. உலகம் முழுக்க டிமென்ஷியா நோயாளிகளுக்கு வீட்டார் தரும் கவனிப்பு நேரத்தில் 70 சதவீதத்தைப் பெண்கள்தான் கொடுக்கிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நம் ஊரில் அது பெரும்பாலும் மருமகள், இல்லையென்றால் திருமணமாகாத மகள். மகன்களே, பணம் அனுப்புவதோடு கடமை முடிவதில்லை. இரவு மூன்று மணிக்கு "எங்க அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்று கதவைத் தட்டும் எண்பது வயதுக்காரரை யார் சமாளிக்கிறார் என்று பாருங்கள். அவரோடு வாதாடிப் பயனில்லை. "உங்கம்மா செத்து நாற்பது வருஷமாச்சு" என்று சொன்னால் அன்றைக்குத்தான் செத்ததுபோல் அழுவார். அந்த அம்மாவைப் பற்றிப் பேச வைத்து, ஒரு டம்ளர் பால் கொடுத்து உட்கார வைப்பவர் பிழைத்துக்கொள்வார். கேஸ் வால்வை இரவில் மூடுங்கள், வெளிக்கதவுக்கு மணி கட்டுங்கள், சட்டைப் பையில் போன் எண் எழுதிய அட்டை வையுங்கள். பார்த்துக்கொள்பவருக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு கிடைக்க அண்ணன் தம்பிகள் முறை போட்டுக்கொள்ளுங்கள். மனச்சோர்வும் தூக்கமின்மையும் பிரஷரும் அவருக்கும் வரும்.

உதவி கேட்க இடம் இருக்கிறது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வி.எஸ். நடராஜன் 1978இல் தொடங்கிய முதியோர் நலப் பிரிவு, இந்தியாவிலேயே முதலாவது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 1992இல் கேரளத்தில் பிறந்த அல்சைமர் நோய்ச் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. பார்த்துக்கொள்பவரின் மனநலத்துக்கு 14416.

இந்த மாதத்துக்குள் இரண்டு காரியம் செய்யுங்கள். அம்மாவின் மறதியை "வயசு" என்று தள்ளிவைத்திருந்தால், மாத்திரைப் பையோடு ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதே நாளில், அதே மருத்துவமனையில், உங்கள் பிரஷரையும் சர்க்கரையையும் கொலஸ்ட்ராலையும் காதையும் சோதித்துக்கொண்டு வாருங்கள்.